மறு: ரெடாக்ஸ்கிளைன் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ரெடாக்ஸ்கிளைன் என்பது ஏரியில் ஆக்சிஜன் உள்ள பகுதிக்கும் இல்லாத பகுதிக்கும் இடைப்பட்ட எல்லை. அதற்கு இதுவரை வந்த 'வேதிச்சரிவு', 'ஏற்றொடுக்கப் படலம்' ஆகிய இரண்டு பரிந்துரைகளும் எனக்கு நிறைவாக இல்லை. 'வேதிச்சரிவு' கெமோகிளைனுக்கு, அதாவது நீரின் வேதித்தன்மை ஆழத்தோடு சட்டென மாறும் அடுக்குக்கு, பொருந்தும். உப்புச் செறிவு மாறும் இடமும் அதில் அடங்கிவிடும். 'ஏற்றொடுக்கப் படலம்' என்பதில் முற்பாதி நன்று: ஆக்சிஜனேற்றம், அதற்கு எதிரான ஒடுக்கம் இரண்டும் அதில் உண்டு. ஆனால் படலம் என்றால் ஒரே இடத்தில் ஒட்டிக்கிடப்பது. ஏரியில் நடப்பது அதுவல்ல.

அடிவரை ஆக்சிஜன் இருக்கும் காலத்தில் இந்த எல்லை சேற்றுக்குள், சில மில்லிமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. குழாய் இறக்கி எடுத்த சேற்றைப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்: மேலே துருநிறத்தில் மெல்லிய தோல், கீழே சாம்பலும் கறுப்பும். அந்தத் தோல் ஃபெரிக் ஹைட்ராக்சைடு, அதாவது ஆக்சிஜனேறிய, நீரில் கரையாத இரும்புச் சேர்மம், நிறைந்தது. பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். கோடையில் மேல்நீர் சூடாகி அடிநீரோடு கலக்காமல் நின்றுவிட்டால், அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். எல்லை சேற்றை விட்டு நீருக்குள் ஏறும். ஃபெரிக் இரும்பு ஒடுக்கமடைந்து, நீரில் கரையும் ஃபெரஸ் வடிவமாக மாறும், பாஸ்பேட்டும் கூடவே விடுபடும். 1941–42இல் ஏரி ஆய்வாளர் மார்ட்டிமர் இங்கிலாந்து ஏரிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரைகளின் சாரம் இதுதான்.

அந்த ஆழத்து நீரை மொண்டால் முதலில் தெளிவாகத்தான் இருக்கும். காற்றுப் பட்ட சிறிது நேரத்தில் பழுப்பேறி, துகள் துகளாக அடியில் இறங்கும். ஏரிக்குள்ளும் இதே கதை. மேலே பரவும் ஃபெரஸ் இரும்பு ஆக்சிஜனைச் சந்தித்த இடத்தில் துகளாகித் திரும்ப விழுகிறது, விழுந்தது மறுபடி கரைகிறது. எல்லையைத் தாண்டித் தப்பிப்பது கொஞ்சமே. அடிநீரில் இரும்பு சேர்ந்துகொண்டே போவது இதனால்தான்.

ஆகவே என் பரிந்துரை: ஏற்றொடுக்க மட்டம். நீர்மட்டம் ஏறியது, இறங்கியது என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். "கோடையில் ஏற்றொடுக்க மட்டம் சேற்றை விட்டு ஏறியது" என்று எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. இந்தோனேசியாவின் மத்தானோ ஏரியில் ஆக்சிஜன் சுமார் 100 மீட்டருக்குக் கீழே போவதே இல்லை. அங்கே மட்டம் ஆழத்தில் நிலையாக நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

சொல்லில் 'இரும்பு' வேண்டாம். மாங்கனீசும் கந்தகமும் இதே பகுதியில்தான் வடிவம் மாறுகின்றன.

ஒடுக்கத்துக்குப் பதில் இலங்கை வழக்கான 'தாழ்த்தல்' ஆகாதா என்று கேட்டிருந்தீர்கள். தனிச்சொல்லாக எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஏற்றத்தோடு சேரும்போது 'ஏற்றத்தாழ்வு' என்றே காதில் விழுகிறது, அதுவும் மட்டத்துக்கு முன்னால் வந்தால் பொருளே புரண்டுவிடும்.

அப்புறம், ஸ்வீடன், பின்லாந்து ஏரிகளின் அடியில் காசு காசாகத் திரளும் இரும்புக்கு 'ஏரித்தாது' சரி. அதை வாரி எடுத்து உருக்கியிருக்கிறார்கள், எனவே தாது என்பது பொருத்தமே. 'ஏரித்துரு' வேண்டாம், துருப்பிடிக்க முதலில் உலோகம் இருக்க வேண்டும்.