ஹொண்டா சி 70: சூடேறினதும் நிக்குது, ஆறினாத்தான் திரும்ப ஸ்ராட் எடுக்குது. உதவி தேவை

கொடிகாமத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பான்ர ஹொண்டா சி 70 மோட்டர்சைக்கிள். 6 வோல்ற், பொயின்ற் (பிளக்கில பொறி வர மின்சாரத்தை அறுக்கிற சுவிச்) வச்ச பழைய மொடல். பதினெட்டு வருசமாக் கொட்டிலுக்குள்ள சாக்கு மூடிக் கிடந்தது. தைப்பொங்கல் முடிய வெளியில எடுத்து, வீட்டு முற்றத்திலயே வச்சு நானே வேலை செய்யிறன்.

இதுவரைக்கும் டாங்கின்ர கறள் எடுத்து, காபரேட்டரைக் கழட்டிக் கழுவி, ஜெற் ரெண்டையும் ஊதி, புது பிளக் போட்டு, ஒயில் மாத்தியிருக்கிறன். வால்வை அமத்துற டப்பற் சத்தம் கேட்டது, அதையும் இறுக்கி விட்டனான்.

பிரச்சினை என்னெண்டால், காலமை ரெண்டு உதையில ஸ்ராட். கொடிகாமத்தில இருந்து சாவகச்சேரிப் பக்கம் பத்து நிமிசம் ஓடினதும் இழுவை குறைஞ்சு, படபடவெண்டு அடிச்சு நிண்டிடும். பிறகு எவ்வளவு உதைச்சாலும் இல்லை. அரை மணித்தியாலம் நிழலில விட்டால் ஒரே உதை! சும்மா நிக்கேக்கயும் ஒருக்கா கூடி ஒருக்கா குறைஞ்சு ஓடுது.

கராச்சில காட்டினன். "காபரேட்டரை முழுசா மாத்து" எண்டினம். ஜப்பானில இருந்து வந்த கெய்ஹின் காபரேட்டர், அதைத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை.

இன்னொரு கேள்வி. காபரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையில இருக்கிற குழாயில, விரல் நுனி அளவில ஒரு பித்தளைக் குழல் பதிச்சிருக்கு. வாயில ரப்பர் அடைப்பு. கொம்பனி செய்ததாத் தெரியேல்லை. அது என்னத்துக்கு?

அப்பாவுக்கு 74 வயது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து "ஓடுதோ?" எண்டு கேக்கிறார். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வல்வைச் சுரேன்:
டாங்க் மூடியில இருக்கிற காத்துத் துளை அடைபட்டிருந்தாலும் இப்பிடி நிக்கும். நிண்ட உடனே மூடியைத் திறந்து போட்டு உதைச்சுப் பாருங்கோ.

பழைய மெக்கானிக்:
தம்பி, இப்ப ஒரு சாமானும் வாங்காதேங்கோ. சூட்டில நிக்கிற எஞ்சினை ஆறவிட்டுச் சோதிச்சால் ஒண்டும் பிடிபடாது. நிண்ட இடத்திலயே, சூடு ஆற முதல் மூண்டு விசயம் பாக்கவேணும்.

காபரேட்டருக்குக் கீழ இருக்கிற வடிகால் ஆணியை இளக்குங்கோ. பெற்றோல் தாரையா வந்தால் டாங்க், மூடி, குழாய் எல்லாம் சரி. பிறகு பையில ஒரு நல்ல பிளக் கொண்டுபோய், தொப்பியில செருகி எஞ்சின் இரும்பில தொட வச்சு உதைச்சு, பொறியின்ர நிறத்தைப் பாருங்கோ. வெயிலில தெரியாது, கையால மறைச்சுப் பாக்கவேணும். கிட்டப் பெற்றோல் சிந்தியிருந்தால் முதல் துடைச்சுப் போடுங்கோ. மூண்டாவது, உதைக்கேக்க கால் உணருற இறுக்கம். காலமை இருந்த இறுக்கம் இருக்கோ எண்டு சொல்லுங்கோ.

கொடிகாமத்தான்:
அண்ணை, நேற்று நுணாவிலுக்குக் கிட்ட நிண்டது. சொன்னபடி பாத்தன். மூடி திறந்தும் மாற்றமில்லை. பெற்றோல் வடிவா வருது. பொறி செம்மஞ்சளா, நூல் மாதிரி. காலமை பாத்தது நீலம். உதை தொய்ஞ்சு போச்சு, காலமை இருந்ததில பாதி இறுக்கம்கூட இல்லை.

டப்பற் பற்றி ஒண்டு சொல்லோணும். என்னட்டை இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் இல்லை. சத்தம் நிக்கும் வரைக்கும் கையால ஆட்டி ஆட்டி இறுக்கினனான்.

பழைய மெக்கானிக்:
அப்ப ரெண்டு பிழை இருக்கு தம்பி. காபரேட்டரை மாத்தியிருந்தால் ரெண்டும் அப்பிடியே இருந்திருக்கும்.

டப்பற்றுக்கு இடைவெளி 0.05 மில்லிமீற்றர், ரெண்டு வால்வுக்கும். எஞ்சின் நல்லா ஆறியிருக்கவேணும், இரவு முழுக்க நிண்டு காலமை செய்யிறது திறம். உங்கட வால்வுக்கு இடைவெளியே இல்லை. சூட்டில எக்ஸோஸ்ற் வால்வின்ர தண்டு நீளும். நீண்டதும் ஆசனத்தில முழுசா இருக்காது. அமுக்கம் அதுக்குள்ளால போயிடும். ஆறினால் சுருங்கி மூடும், அதால ஒரே உதை. மெக்னட்டில (எஞ்சின்ர பக்கத்தில சுத்துற காந்தச் சில்லு) பிஸ்டன் உச்சியில நிக்கிறதைக் காட்டுற டி குறியை நேராக்கி, ரெண்டு டப்பற்றும் இளகி நிக்கிற சுற்றில வச்சுச் செய்யுங்கோ. மெல்லிய டிக் டிக் சத்தம் இருக்கத்தான் வேணும்.

மற்றப் பிழை, பொறி மெலியிறதுக்குக் காரணம், கொண்டென்சர். பொயின்ற் திறக்கிற கணத்தில அந்த இடத்தில பொறி பாயாமல் பிடிக்கிறது அதின்ர வேலை. அப்பத்தான் கொயிலில மின்சாரம் சடாரெண்டு அறுந்து, பிளக்குக்குப் பெரிய வோல்ற் வரும். பழசானால் உள்ளுக்க இருக்கிற காப்பு சூட்டில கசியும். மெக்னட் ஜன்னலால பொயின்றைப் பாருங்கோ, கருகியிருக்கும். ஒரு பக்கம் குழி, மற்றப் பக்கம் மேடு.

மெக்னட்டைக் கழட்டப் புல்லர் இரவல் வாங்குங்கோ. சுத்தியலால அடிச்சுக் கழட்டிக் கிராங்கைக் கெடுத்த கனபேரைக் கண்டிருக்கிறன்.

ஸ்காபரோ செந்தில்:
நானும் கனடாவில ஒரு சி 70 வச்சிருக்கிறன், இதே வருத்தம் வந்தது. கொண்டென்சர் மெக்னட்டுக்குப் பின்னால, எஞ்சின் சூட்டில கிடந்து வேகுது. நான் புதுசை வெளியில, இக்னிசன் கொயிலுக்குப் பக்கத்தில பூட்டினன். பொயின்றில இருந்து கொயிலுக்கு வாற வயரில ஒரு முனை, உடம்பு சட்டத்தில. 0.2 இல இருந்து 0.3 மைக்ரோஃபரட் வரை உள்ள எந்தப் பொயின்ற் கொண்டென்சரும் சரிவரும். ஆனால் உள்ளுக்க இருக்கிற பழசின்ர வயரைக் கட்டாயம் வெட்டிவிடுங்கோ. அது தொடுத்தபடி இருந்தால் கசிவும் இருக்கும்.

பழைய மெக்கானிக்:
செந்தில் சொன்னது சரி. பொயின்ற் இடைவெளி 0.35 மில்லிமீற்றர் வைச்சு, பொறி பாய்ற நேரத்தைக் காட்டுற எஃப் குறியில திறக்குதோ எண்டு பாருங்கோ. சிகரெட் பெட்டி மெல்லிய தாளைப் பொயின்றுக்குள்ள வச்சு மெக்னட்டை இடஞ்சுழியாச் சுத்த, எஃப் குறி நேராகேக்க தாள் கழண்டு வரவேணும். பொயின்ற் உரசிற காமில துளி கிரீஸ் பூசுங்கோ. காஞ்சிருந்தால் பொயின்ற் கட்டை தேஞ்சு இடைவெளி குறைஞ்சிடும்.

இனி அந்தப் பித்தளைக் குழல். தொண்ணூறுகளின்ர முதல் பாதி, யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். பெற்றோல் கண்ணால காணேலாது. டாங்குக்குள்ள மண்ணெண்ணெய்தான். குளிர்ந்த எஞ்சினில அது ஆவியாகாது, ஸ்ராட் எடுக்காது. நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைச்சு, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில ஓடும். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா வழி செய்து வச்சிருந்தவை. அந்தப் பெற்றோலை விட உங்கட அப்பா செய்விச்ச வழி அந்தக் குழல். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோட கலந்து ஒயிலைத் தண்ணியாக்கும், எக்ஸோஸ்ற் வால்வில கரி பிடிக்கும். டப்பற் சரிசெய்தும் உதை தொய்ஞ்சிருந்தால் ஹெட்டைக் கழட்டிப் பாக்கலாம்.

அந்த ரப்பர் வெடிச்சிருந்தால் காத்து இழுக்கும். கூடிக் குறைஞ்சு ஓடுறதுக்கு அதுதான் காரணமா இருக்கும். அதையும் பாருங்கோ.

கொடிகாமத்தான்:
அண்ணை, செந்தில் அண்ணை, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. பொயின்ற் நீங்கள் சொன்ன மாதிரியே குழியும் மேடும். புதுப் பொயின்ற், கொண்டென்சர் வெளியில, டப்பற் 0.05. ரப்பர் சுத்திவர வெடிச்சுத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கொடிகாமத்தில இருந்து பருத்தித்துறைக்குப் போய், கடற்கரையில நிப்பாட்டி, சூட்டோடயே உதைச்சன். முதல் உதையில எடுத்தது. நிக்கேக்கயும் ஒரே சீரா ஓடுது. ஹெட்டைக் கழட்டத் தேவை வரேல்லை.

குழலை எடுத்துப்போட்டு ஓட்டையை அடைப்பம் எண்டுதான் நினைச்சன். அப்பா விடேல்லை. "கிடக்கட்டும், அதாலதான் உன்ர அம்மாவை மந்திகை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனனான், நீ பிறந்த அண்டைக்கு" எண்டார். எனக்கு இது இவ்வளவு நாளும் தெரியாது. புது ரப்பர் போட்டுக் கிளிப் இறுக்கி விட்டிருக்கிறன்.

பழைய மெக்கானிக்:
நல்லது தம்பி. பெற்றோல் குழாய்க்குப் போடுற ரப்பர்தானே போட்டனீங்கள்? சைக்கிள் ரியூப் எண்டால் பெற்றோல் ஆவியில ஊதிப்போகும், மாத்திவிடுங்கோ. முன்னூறு கிலோமீற்றர் ஓடினதும் ஒயிலையும் ஒருக்கா மாத்துங்கோ, பழைய கரி கழண்டு வரும்.