ஷான் கெல்லியின் பந்தய வாழ்வை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

கேள்வி

வணக்கம். அயர்லாந்தின் ஷான் கெல்லி 1977 முதல் 1994 வரை தொழில்முறைச் சாலைப் பந்தயங்களில் சைக்கிள் ஓட்டியவர். மூன்று வாரங்கள் நடக்கும் டூர் டி பிரான்ஸில் அவர் எட்டிய மிக உயர்ந்த இடம், 1985இல் கிடைத்த நான்காம் இடம்தான். முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியை அங்கே அணிந்ததும் 1983இல் ஒரே ஒரு நாள். அவருடைய நாட்டவரான ஸ்டீபன் ரோச்சோ 1987ஆம் ஆண்டில் ஜிரோ (இத்தாலியின் மூன்று வாரப் பந்தயம்), டூர், உலக சாம்பியன் பட்டம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வென்றுவிட்டார். அப்படியிருந்தும், விவரம் அறிந்த பலர் கெல்லியின் பெயரையே முதலில் சொல்கிறார்கள். டூரை வெல்லாத ஒருவரை இவ்வளவு உயரத்தில் வைப்பதற்கு என்ன காரணம் என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1

நண்பரே, டூர் நடக்கும் ஜூலை மாதத்தை மட்டும் பார்த்தால் கெல்லி நம் கண்ணில் படவே மாட்டார். அவருடைய ஆண்டு மார்ச்சில் தொடங்கி அக்டோபரில் முடிந்தது. மார்ச்சில் பல நாள்கள் நடக்கும் பாரிஸ் – நீஸ் பந்தயத்தை 1982 முதல் 1988 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றார். அவருக்கு அடுத்தபடியாக அதை அதிகம் வென்ற ஜாக் ஆங்கெத்திலுக்குக்கூட ஐந்து வெற்றிகள்தான். அக்டோபரில் இலைகள் உதிரும் காலத்தில் நடக்கும் ஒருநாள் பந்தயமான லொம்பார்டியை மூன்று முறை வென்றார். மற்ற பெரிய ஒருநாள் பந்தயங்களான மிலான் – சான் ரெமோ, பாரிஸ் – ரூபே, லியேஜ் – பஸ்தோன் – லியேஜ் ஒவ்வொன்றிலும் இரண்டு வெற்றிகள். கற்கள் பாவிய சாலையில் கைகள் மரத்துப்போகும் ரூபேயையும், மேடுகள் ஓயாமல் வந்துகொண்டேயிருக்கும் லியேஜையும் 1984இல் ஒரே வாரத்துக்குள் வென்றவர் அவர். இவ்விரண்டும் முற்றிலும் வேறு வகையான ஆட்களுக்கு ஏற்ற பந்தயங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. டூரிலும் அவர் வெறுங்கையுடன் திரும்பவில்லை. ஒவ்வொரு நாளும் பெறும் இடங்களுக்குக் கிடைக்கும் புள்ளிகளில் முந்துபவருக்கான பச்சை ஜெர்சியை நான்கு முறை வென்ற முதல் வீரர் அவரே.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றோடு 1992ஆம் ஆண்டின் மிலான் – சான் ரெமோவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கெல்லியை ஒரே காட்சியில் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு நான் அதையே காட்டுவேன். அப்போது அவருக்கு வயது 35. அவருடைய காலம் முடிந்துவிட்டதென்றே பலரும் நினைத்தார்கள். கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் ஓடிய பிறகு வரும் போஜ்ஜோ மேட்டில், இத்தாலியின் மொரேனோ அர்ஜென்டின் அனைவரையும் உதறிவிட்டுத் தனியே உச்சியைக் கடந்தார். லியேஜை நான்கு முறை வென்றவர் அவர். அந்த இடத்தில் அவரைப் பிடிப்பது நடக்காத காரியமாகவே தோன்றியது.

இறக்கத்தில் கூட்டத்திலிருந்து கெல்லி பிரிந்தார். கடலை நோக்கி இறங்கும் அந்தக் குறுகிய சாலையில் வளைவுக்கு வளைவு திரும்பும் இடங்களில், பிரேக்கை மற்றவர்கள் பிடிக்கும் இடத்தில் அவர் பிடிக்கவில்லை. சுவரை உரசுவதுபோல் சென்று, வளைவு முடிவதற்கு முன்பே மீண்டும் பெடலை மிதிக்கத் தொடங்கிவிடுகிறார். நகருக்குள் வந்ததும் அர்ஜென்டினை எட்டிவிட்டார். காற்றை எதிர்கொள்ளும் வேலையைப் பகிர, முன்னால் வந்து ஓட்டும்படி அர்ஜென்டின் சைகை காட்டுகிறார், கெல்லி அசையவில்லை. ஸ்பிரிண்ட் எனப்படும் கடைசி நேர வேக ஓட்டம் என்று வந்தால் தானே வேகமானவர் என்பது அவருக்குத் தெரியும். மூச்சை மீட்டுக்கொண்டு, கடைசியில் தாண்டிச் சென்றார். கால்களின் வலு குறைந்த வயதில் கணக்கும் துணிவும் தேடித்தந்த வெற்றி என்பதால், அவருடைய மற்ற எல்லா வெற்றிகளையும்விட எனக்கு இது பெரியது.

மறுமொழி 3

இதையெல்லாம் படிப்பவர்கள் கெல்லியை ஒருநாள் பந்தயங்களின் வீரர் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்ட்டாவில், 1987இல், தலைவர் ஜெர்சியுடன் அவர் ஓடிக்கொண்டிருந்தார். முடிய மூன்றே நாள்கள் இருந்த நிலையில், இருக்கை உரசிய இடத்தில் எழுந்த கட்டியால் விலக நேர்ந்தது. ஒரு முறை எனக்கும் அப்படி ஒரு கட்டி வந்தது. சிறியதுதான், ஆனால் அரை மணி நேரம்கூட இருக்கையில் உட்கார முடியவில்லை. நாளுக்கு ஐந்து, ஆறு மணி நேரம் மலைகளில் ஓட்டுகிறவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை அதற்குப் பிறகுதான் உணர்ந்தேன். அந்த ஆண்டு கொலம்பியாவின் லூயிஸ் ஹெர்ரேரா வென்றார். அடுத்த ஆண்டே கெல்லி திரும்பி வந்து, முடிவுக்கு முந்தைய நாள் நடந்த, ஒவ்வொருவரும் தனியே நேரத்தோடு போட்டியிடும் தனிநபர் நேரப் பந்தயத்தில் முன்னிலையைப் பறித்து வுவெல்ட்டாவை வென்றார்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அப்படியானால், அவருடைய பட்டியலில் உள்ள பெரிய குறை டூர் அல்ல என்று எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1

என் கணிப்பில் அல்லவே அல்ல. மூன்று வாரங்கள் உயர்ந்த மலைகளில் ஏறி டூரை வெல்வதற்கான உடல்வாகு அவருக்கு இல்லை; மார்ச்சிலிருந்தே எல்லாப் பந்தயங்களிலும் முழு மூச்சோடு ஓட்டியவருக்கு ஜூலையில் புதுத்தெம்பு மிஞ்சியிருக்கவும் வாய்ப்பில்லை. உண்மையான குறை பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பந்தயம்தான். ஐந்து மாபெரும் ஒருநாள் பந்தயங்களில் அவருக்குக் கிட்டாதது அது ஒன்றே. அவருக்கு எல்லா வகையிலும் பொருந்திய பந்தயம் அது; 1984, 1986, 1987 என மூன்று முறை அதில் இரண்டாம் இடத்தில் முடித்தார்.