5.0 ஜிகாஹெர்ட்ஸில் ஓடிய 8700கே ப்ராசஸர் இப்போது ரெண்டர் பாதியில் விழுகிறது. வோல்டேஜ் இன்னும் ஏற்றலாமா?

வைகைக்கரை எடிட்டர்:

வணக்கம். மதுரையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். இந்த வாரம் மூன்று பார்ட்டிக்கு டெலிவரி கொடுக்கணும், மெஷின் காலை வாருகிறது.

இன்டெல் ஐ7 8700கே, இசட்370 போர்டு, இரட்டை டவர் ஏர் கூலர், 3200 ரேம், விண்டோஸ் 10. ஜனவரியில் மல்டிப்ளையரை 50 ஆக்கி, வோல்டேஜை 1.35-ல் நிறுத்தி ஓவர்க்ளாக் செய்தேன், அதாவது கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி 5.0-க்கு ஏற்றினேன். ராத்திரி முழுக்க பிரைம்95 (ப்ராசஸரை முழு லோடில் வைத்துச் சோதிக்கும் சாஃப்ட்வேர்) ஓடியது, ஒரு எரர் இல்லை. உச்சம் 84 டிகிரி. அன்றைக்கு ரூம் 26.

இப்போது மே மாதம். ரூம் மதியம் 37 வரை போகிறது. ரெண்டர் போட்டால் அறுபது எழுபது சதவீதத்தில் ப்ளூ ஸ்கிரீன், "க்ளாக் வாட்ச்டாக் டைம்அவுட்". வோல்டேஜை 1.38, 1.40 என்று ஏற்றினேன். நேற்று 1.42. முன்பு நாற்பது நிமிஷம் தாங்கியது, இப்போது பதினைந்தே நிமிஷத்தில் விழுகிறது. சூடு 100-ஐத் தொடுகிறது. 1.45 கொடுத்துப் பார்க்கலாமா? சிப் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

சால்டரிங் அண்ணாச்சி:

தம்பி, முதல்ல 1.45-ஐ மறந்துடுங்க. ஏற்ற ஏற்ற சீக்கிரம் விழுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பதில் அதுலயே இருக்கு.

சிப் தின்கிற பவர் வேகத்துக்கு நேர் விகிதத்துல ஏறும், வோல்டேஜுக்கு வர்க்கத்துல ஏறும். 1.35-லேர்ந்து 1.42 போனா வேகம் மாறாமலே கிட்டத்தட்ட 11 சதவீதம் கூடுதல் சூடு. இன்னொரு பக்கம், சூடாக ஆக அதே 5.0-ஐத் தாங்கறதுக்கு சிப் இன்னும் வோல்டேஜ் கேட்கும். நீங்க கொடுக்கிறீங்க, அது சூடாகுது, மறுபடி கேட்குது. செக்கு மாடு மாதிரி இதுலயே சுத்திட்டிருப்பீங்க.

ரூம் 26-லேர்ந்து 37 ஆனா அந்த 11 டிகிரியும் ஏறக்குறைய அப்படியே கோர் மேல உட்காரும். ஏர் கூலரோ வாட்டர் கூலரோ, ரூம் காத்தைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. ஜனவரி 84 மே மாசத்துல 95 ஆகறது நியாயம். ஆனா 100-ல முட்டுதுன்னா அது வோல்டேஜ் மட்டுந்தானா, வேற ஏதாவதும் இருக்கான்னு பார்க்கணும். 8700கே 100-ஐத் தொட்டதும் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும், அதனால உங்க 5.0 அந்த நேரத்துல 5.0-ஆவே இருக்காது.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ (சூடு, வோல்டேஜ் காட்டற சாஃப்ட்வேர்) போட்டு லோடுல இருக்கும்போது இதைப் பார்த்துச் சொல்லுங்க: ஆறு கோரோட சூடு தனித்தனியா, நிஜத்துல ஓடற வீ-கோர், அதாவது கோருக்குப் போற வோல்டேஜ், எவ்வளவு (பயாஸ்ல போட்டது வேண்டாம்), விண்டோஸ் ஈவென்ட் வியூவர்ல "ஹீயா லாகர் 19" வரிகள் (ஹார்ட்வேர் எரர் பதிவு) இருக்கா. ஜனவரிக்கு அப்புறம் மெஷின்ல எதையாவது தொட்டீங்களா?

திருச்சி ரிக்:

சகோ, ரேமையும் சந்தேகப்படுங்க. எக்ஸ்எம்பி (ரேமை அதோட முழு வேகத்துல ஓட வைக்கிற பயாஸ் செட்டிங்) ஆன்ல இருந்தா சில போர்டு விசிசிஐஓ, சிஸ்டம் ஏஜென்ட்ங்கற ரேம் பக்கத்து வோல்டேஜ் ரெண்டையும் தானாவே தூக்கி வச்சிடும். ப்ராசஸரை டிஃபால்ட்டுக்குக் கொண்டுவந்துட்டு, பென் டிரைவ்ல மெம்டெஸ்ட்86 போட்டு நாலு சுற்று ஓட விடுங்க. அதுல எரர் வந்தா வீ-கோரோட மல்லுக்கட்டறது வீண்.

வைகைக்கரை எடிட்டர்:

இருவருக்கும் நன்றி. மெம்டெஸ்ட் ராத்திரி ஓடியது, நாலு சுற்றிலும் எரர் பூஜ்யம்.

பிறகு 5.0, 1.42-ல் லோடு கொடுத்துப் பார்த்தது: கோர் சூடு 86, 88, 100, 99, 87, 85. வீ-கோர் 1.33 காட்டுகிறது, பயாஸில் 1.42 போட்டும்! எல்எல்சி (லோடில் வோல்டேஜ் இறங்குவதை ஈடுகட்டும் செட்டிங்) ஆட்டோவில் இருக்கிறது. ஹீயா 19 வரிகள் பதினாலு இருக்கின்றன, எல்லாம் "இன்டர்னல் பாரிட்டி எரர்".

தொட்டது என்றால், மார்ச்சில் 16 ஜிபியை 32 ஆக்கினேன். கூலர் ரேம் ஸ்லாட்டை மறைத்துக்கொண்டு இருந்ததால் அதைக் கழற்றி ரேம் போட்டு, திரும்ப மாட்டினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

சால்டரிங் அண்ணாச்சி:

தம்பி, முக்கியமானதைக் கடைசி வரியில சொல்லியிருக்கீங்க. கழற்றி மாட்டும்போது கூலருக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல சூடு கடத்தற பேஸ்ட்டைப் புதுசா வச்சீங்களா?

ஆறு கோருக்குள்ள 15 டிகிரி வித்தியாசம் ரொம்ப அதிகம். 8700கே மூடிக்கு அடியில இன்டெல் சால்டர் பண்ணல, பேஸ்ட்தான் வச்சிருக்கு. அதனால ஆறேழு டிகிரி ஏற்ற இறக்கம் சகஜம். ரெண்டு கோர் மட்டும் தனியா கொதிக்குதுன்னா கூலர் சரியா உட்காரலைன்னு நினைக்கிறேன். கழற்றிப் பாருங்க. கழற்றினதும் துடைச்சிடாதீங்க, பேஸ்ட் பதிஞ்சிருக்கிற விதத்தைப் பார்த்துட்டு அப்புறம் துடைங்க.

1.42 கொடுத்து 1.33 ஓடறது லோடு ஏறினதும் வோல்டேஜ் இறங்கறதால. கரண்ட் எவ்வளவு இழுக்குதோ அவ்வளவு இறங்கும். எல்எல்சியை நடு லெவல்ல வைங்க. உச்ச லெவல் வேண்டாம், லோடு சட்டுன்னு விடும்போது வோல்டேஜ் ஒரு கணம் மேல துள்ளும், அந்தத் துள்ளல் எந்த சாஃப்ட்வேர்லயும் தெரியாது. பாரிட்டி எரர் வரிகள், கோருக்கு அந்தச் சூட்டுல அந்த 1.33 பத்தலைன்னு சொல்லுது. சூட்டைக் குறைச்சா அதுவே பத்தலாம்.

ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. முதல்ல கூலர்.

வைகைக்கரை எடிட்டர்:

அண்ணாச்சி, கூலரைக் கழற்றினேன். பேஸ்ட் மார்ச்சில் புதிதாக வைக்கவில்லை, பழையதின் மேலேயே உட்கார வைத்துவிட்டேன். மூடியின் ஒரு பாதியில் கண்ணாடிபோல் மெல்லிய படலம், உலோகம் தெரிகிறது. மறு பாதியில் காய்ந்த களிமண் மாதிரி திட்டுத் திட்டாக நிற்கிறது, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. அந்தப் பக்கத்து ஸ்பிரிங் ஸ்குரூ பாதிதான் இறங்கியிருந்தது. ஸ்குரூ டிரைவர் ஃபேன் கிளிப்பில் இடித்ததால் இறுகிவிட்டது என்று நினைத்திருக்கிறேன்.

ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் இரண்டு பக்கமும் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, இரண்டு ஸ்குரூவையும் மாற்றி மாற்றி இரண்டிரண்டு சுற்றாக, நிற்கும்வரை இறுக்கினேன். வோல்டேஜைத் தொடவில்லை. அதே 5.0, அதே 1.42: 85, 87, 90, 89, 86, 84. கோர்களுக்குள் வித்தியாசம் 15-லிருந்து 6 ஆகிவிட்டது. ரூம் 36.

முழு ரெண்டரும் முடிந்தது. ஆனாலும் 90 எனக்குப் பிடிக்கவில்லை. இந்த மெஷினில்தான் வீடு நடக்கிறது.

திருச்சி ரிக்:

கோடைக்கு 4.8 போதும் சகோ. நாற்பது நிமிஷ ரெண்டர் 5.0-லேர்ந்து 4.8-க்கு வந்தா நாற்பத்தொண்ணே முக்கால் நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். மெம்டெஸ்ட் சுத்தமா வந்ததுக்கும் சந்தோஷம். விசிசிஐஓ, சிஸ்டம் ஏஜென்ட் ரெண்டும் ஆட்டோல 1.25-க்கு மேல போயிருந்தா 1.15 பக்கம் கையால வச்சுப் பாருங்க, 3200-க்கு அநேகமா அது போதும். வச்சதும் மெம்டெஸ்ட் மறுபடி ஓட்டுங்க.

சால்டரிங் அண்ணாச்சி:

4.8 நல்ல யோசனை. எல்எல்சி நடு லெவல், வீ-கோர் 1.28-ல ஆரம்பிங்க. முதல் அரை மணி நேரம் நிலையா நின்னா 0.01 குறைங்க, எரர் வந்த இடத்துலேர்ந்து 0.02 மேல நிறுத்துங்க. டெஸ்ட்டை மதியம் ரெண்டு மணிக்கு, ஏசி போடாம, கதவைச் சாத்திட்டுப் பண்ணுங்க. வேலை நடக்கிற சூட்டுலதான் சோதிக்கணும், ராத்திரி டெஸ்ட் மே மாசத்துக்கு ஆகாது. கேஷ் (சிப்புக்குள்ள இருக்கிற வேக மெமரி) மல்டிப்ளையரை 43-ல விட்டுடுங்க. ரெண்டர் சாஃப்ட்வேர் ஏவிஎக்ஸ் (சிப்பை அதிகமா சூடாக்கற கனமான கணக்குக் கட்டளைகள்) பயன்படுத்தினா ஆஃப்செட் 2 போடுங்க, அந்த லோடுல மட்டும் 4.6-க்கு இறங்கும். போர்டுல விஆர்எம் (ப்ராசஸருக்கு வோல்டேஜ் கொடுக்கிற பகுதி) சூடு எவ்வளவுன்னும் பாருங்க.

வைகைக்கரை எடிட்டர்:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

4.8, பயாஸில் 1.27, லோடில் 1.25. மதியம் ரூம் 37 இருக்கும்போது மூன்று மணி நேரம் பிரைம் ஓடியது, உச்சம் 85. ரெண்டரில் 79-ஐத் தாண்டவில்லை. 1.25 வைத்தபோது நாற்பதாவது நிமிஷத்தில் ஒரு ஹீயா வரி வந்தது, அங்கிருந்து 0.02 மேலே நிறுத்தினேன். அதன்பின் ஈவென்ட் வியூவர் காலியாகவே இருக்கிறது. விசிசிஐஓ ஆட்டோவில் 1.27 இருந்தது, 1.14 ஆக்கினேன், மெம்டெஸ்ட் மறுபடி சுத்தம். விஆர்எம் 81.

மூன்று வீடியோவும் கொடுத்துவிட்டேன். நேற்று ராத்திரி ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து ரெண்டர் வரிசையில் போட்டுவிட்டுத் தூங்கினேன், காலையில் ஐந்தும் முடிந்திருந்தது. அண்ணாச்சி, அந்த "எதையாவது தொட்டீங்களா" கேள்வி இல்லையென்றால் 1.45 போட்டிருப்பேன்.

சால்டரிங் அண்ணாச்சி:

சந்தோஷம் தம்பி. விஆர்எம் 81 பயப்படற அளவு இல்ல, ஆனா பின்பக்க ஃபேன்ல தூசி இருந்தா தட்டி விடுங்க. 5.0 செட்டிங்கை பயாஸ்ல தனி ப்ரொஃபைலா சேமிச்சு வைங்க, வீ-கோரை மட்டும் பழையபடி 1.35-க்கு இறக்கி. எல்எல்சி இப்ப நடு லெவல்ல இருக்கிறதால மார்கழியில மறுபடி சோதிச்சுட்டுப் போடலாம்.