பாதம் கழுவினால் பெருமை போகுமா?

சேகரவாசி:
புனித வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழன் ஆராதனையில், இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதைச் சொல்லும் யோவான் 13-ஆம் அதிகாரத்தை வாசித்து, போதகர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவும் வழக்கம் பல சபைகளில் இருக்கிறது. இதனால் யாருடைய பெருமையும் உடைவதில்லை என்பது என் வாதம். அந்தப் பன்னிரண்டு பேரில் பாதிக்கு மேல் கமிட்டிக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுமாக இருப்பார்கள். வரும்போதே காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவார்கள். ஒரு காலில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் படும், துண்டு தொட்டும் தொடாமலும் போகும். எதிரே கேமராவோடு ஒருவர் நிற்பார், மறுநாள் அந்தப் படம் சபை வாட்ஸ்அப் குழு முழுக்கச் சுற்றும். தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் அந்தரங்கத்தில் செய்யுங்கள் என்று மத்தேயு 6-ல் சொன்ன ஆண்டவர், தாழ்மையை மட்டும் மேடையேற்றச் சொல்லியிருப்பாரா? இதை நிறுத்திவிட்டு, வருடம் முழுவதும் நடக்கும்படி ஏதாவது ஒழுங்கு செய்யலாம்.

வைகறைமணி:
சகோ, நீங்கள் சொல்வது எல்லாம் செய்கிற விதத்தில் உள்ள கோளாறு. அதற்காகச் சடங்கையே தூக்கிப் போடுவதா?

கத்தோலிக்கத் திருச்சபையில் இது பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்குள் வந்ததே 1955-ல், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் செய்த சீர்திருத்தத்தால்தான். அதிலும் கட்டாயம் இல்லை. பங்கின் (உள்ளூர்ச் சபையின்) நன்மைக்கு உதவும் என்றால் மட்டும் செய்யலாம். தேர்ந்தெடுக்கப்படுவோர் ஆண்களாக இருக்க வேண்டும் என்ற விதி 2016 ஜனவரி வரை இருந்தது. இறைமக்களில் யாராகவும் இருக்கலாம் என்று அதை மாற்றியவர் திருத்தந்தை பிரான்சிஸ். அதற்கு முன்பே, 2013 மார்ச் 28 அன்று, உரோமையில் காசல் தெல் மார்மோ சிறார் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு இளையோரின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இஸ்லாமியரும் இருந்தார்கள். ஆக, யாரை உட்கார வைக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பங்குப் பேரவைப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, கோயில் கூட்டுகிறவரை, கல்லறைக் குழி வெட்டுகிறவரை, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவரை அழையுங்கள். முந்தின வாரமே நேரில் போய்க் கேட்க வேண்டும். கடைசி நேரத்தில் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தால் கூச்சம்தான் மிஞ்சும்.

மற்ற ஏற்பாடுகளும் சிறிய வேலை இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், அதை முழங்கையில் தொட்டுப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சுடுவது அவர்களுக்கே தெரியாது. ஒரே தண்ணீரில் எல்லார் காலையும் முக்கக் கூடாது. செம்பிலிருந்து ஊற்றி, கீழே தாம்பாளத்தில் பிடித்து, ஆளுக்கொரு துண்டு கொடுங்கள். புண் இருந்தால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் பன்னிரண்டு பேருக்கு அரை மணி நேரம் ஆகிவிடும். அவசரப்பட்டால் அங்கேயே எல்லாம் கெட்டுவிடும். படம் எடுப்பதை அறவே நிறுத்துங்கள்.

ஒலிவமரம்:
இரண்டு பேருமே கழுவுகிறவரைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். யோவான் 13-ல் தடுமாறியது சீடர் பேதுரு. கழுவ மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, "என் காலை நீர் கழுவக் கூடாது" என்றுதான் மறுத்தார். பெருமை அதிகமாக ஒளிந்திருக்கும் இடம் அதுதான். பிறருக்கு உதவி செய்யத் தயங்காதவர்கள், தாங்கள் படுத்த படுக்கையாகிவிட்டால் யாரும் பார்க்க வரக் கூடாது என்பார்கள்.

"ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்" என்பதுதான் வசனம். போதகர் மட்டும் கழுவினால் அதில் பாதிதான் நிறைவேறும். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் அட்வென்டிஸ்ட் சபைகளில் காலாண்டுக்கு ஒருமுறை, திருவிருந்துக்கு முன்னால், எல்லாரும் இருவர் இருவராகக் கழுவிக்கொள்வார்கள். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக. மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது. கழுவினவர் உடனே உட்கார்ந்து தன் காலை நீட்ட வேண்டும். இரண்டையும் ஒருவரே செய்கிறார் என்பதுதான் இதன் பலம்.

இதிலும் பிசகு வரும். நண்பர் நண்பரையே தேடிப் போவார், பேச்சுவார்த்தை இல்லாத இருவர் அறையின் இரண்டு மூலையில் நிற்பார்கள். அதற்காகப் பெயர்ச் சீட்டு எடுத்து ஜோடி சேர்ப்பது தப்பு. பகையாளியைக் கட்டாயப்படுத்தி உட்கார வைத்தால் அது அவமானப்படுத்துவதாக முடியும். காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகு என்னும் மத்தேயு 5:23, 24-ஐ ஒரு வாரம் முன்பே அறிவித்து, ஒப்புரவாக அவகாசம் கொடுப்பதுதான் முறை.

தென்கரை:
நல்ல விளக்கங்கள். ஆனால் எல்லாரும் பெருமையைத் தனி மனிதரின் உள்ளத்துக்குள்ளேயே தேடுகிறீர்கள். நம் ஊர்க் கிறிஸ்தவத்தில் பெருமை கல்லும் சுண்ணாம்புமாகவே நின்றது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதி பார்த்து மக்களைப் பிரிக்க நடுவே சுவர் இருந்தது. 1910-ல் அதை இடித்தபோது வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளும் லேசுப்பட்டவை அல்ல. தனி இருக்கை, திருவிருந்தில் யார் முதலில் என்ற வரிசை எல்லாம் ஒழிய வேண்டும் என்று 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எத்தனையோ பேர் சபையை விட்டே விலகினார்கள். வேதத்தை விடவில்லை, வரிசையைத்தான் விட மனமில்லை.

எனவே யாரிடம் தாழ்மையைப் பிரசங்கிக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே கடைசி பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவரிடம் "தாழ்ந்து போங்கள்" என்பது சுவிசேஷம் ஆகாது. பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குப் பாதபடியும் கொடுப்பதை யாக்கோபு 2 கண்டிப்பது, இடம் கொடுக்கிறவர்களைத்தான்.

வைகறைமணி:
தென்கரை ஐயா, சுவரை இடித்தது சரி, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் சுவர் போன பிறகும் உள்ளத்தின் வேலை பாக்கி இருக்கும். அதற்குப் பயிற்சி வேண்டும். 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு நூலில் தாழ்ச்சிக்குப் பன்னிரண்டு படிகள் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 35-ஆம் அதிகாரம். சமையலறை முறை எல்லாருக்கும் வாரக்கணக்கில் மாறி மாறி வரும். முறை முடிகிறவர் சனிக்கிழமை பாத்திரம் பண்டங்களைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும், துண்டுகளைத் துவைக்க வேண்டும். அவரும் அடுத்த வாரத்துக்கு வருகிறவரும் சேர்ந்து எல்லார் பாதங்களையும் கழுவ வேண்டும். பாதம் கழுவுதல் அங்கே பாத்திரம் துலக்குவதோடு சேர்ந்த வேலை. சேகரவாசி கேட்ட வருடம் முழுவதுக்குமான ஒழுங்கு இதுதான். 57-ஆம் அதிகாரம் இன்னும் கறார்: தன் கைத்தொழில் மடத்துக்கு லாபம் தருகிறது என்று ஒருவர் தலைகனம் பிடித்தால், அவரை அந்த வேலையிலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

தென்கரை:
அதே நூலின் நான்காம் படி, அநியாயம் செய்யப்பட்டாலும் வாய்திறவாமல் பொறுத்துக்கொள் என்கிறது. அதைக் காட்டித்தான் எத்தனையோ இடங்களில் கீழே இருப்பவர்களின் வாயை அடைக்கிறார்கள். சம்பளம் கேட்கும் கோயில் பணியாளரிடம் தாழ்ச்சியைப் போதிப்பவர், கணக்குக் கேட்டால் ஏன் கோபப்படுகிறார்?

வைகறைமணி:
அந்தப் படியைத் தலைவர் கையில் சாட்டையாகக் கொடுத்தால் விபரீதம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 3-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். முக்கியமான காரியம் என்றால் மடத்தலைவர் எல்லாரையும் கூட்டி யோசனை கேட்க வேண்டும். இளையவருக்கு ஆண்டவர் நல்லதை வெளிப்படுத்துவது உண்டு என்று காரணமும் சொல்கிறார். தலைவருக்கான தாழ்ச்சி அங்கே இருக்கிறது.

சேகரவாசி:
அப்படியானால் நம் சேகரங்களில் (சபை வட்டாரங்களில்) செய்யக்கூடியதைப் பேசுவோம். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில் காணிக்கை கொடுத்தவர் பெயரையும் தொகையையும் மைக்கில் வாசிப்பதை நிறுத்துங்கள். பெஞ்சிலும் ஃபேனிலும் "உபயம்" எழுதுவதை நிறுத்துங்கள். சபை விருந்தான அசனத்தில் கமிட்டி கடைசிப் பந்தியில் உட்காரட்டும், முதல் பந்தியில் பரிமாறட்டும். எச்சில் இலை எடுக்கும் முறை செயலர், பொருளாளர் உட்பட எல்லாருக்கும் வரட்டும். இதெல்லாம் நடந்தால் பெரிய வியாழன் தாம்பாளம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

ஒலிவமரம்:
பெயர் வாசிப்பதை நிறுத்தினால் பணம் எங்கே போனது என்ற சந்தேகம் கிளம்பும். பல இடங்களில் வாசிப்பதற்குக் காரணமே அதுதான்.

சேகரவாசி:
அதற்கு ரசீது இருக்கிறது, அக்கா. ரசீது எண்ணும் தொகையும் மட்டும் போட்டு, பெயர் இல்லாமல், மறு ஞாயிறே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம். கொடுத்தவர் தன் எண்ணைச் சரிபார்த்துக்கொள்வார், மொத்தத்தைத் தணிக்கையாளர் பார்ப்பார்.