மறு: மாஸ்டடான் ‘இன்ஸ்டன்ஸ்’: ‘நிகழ்வு’ வேண்டாம், ‘ஊர்’ சரிவருமா?

வணக்கம்.

முகநூல், ட்விட்டர் போன்ற சமூக வலைத்தளமான மாஸ்டடானில், கணக்குத் தொடங்குபவர் சேர வேண்டிய தனித்தனித் தளத்தை ‘இன்ஸ்டன்ஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் ‘நிகழ்வு’ என்று ஒரு பரிந்துரையும், அதைத் திருத்தி ‘நேர்வு’ என்று இன்னொன்றும் வந்திருக்கின்றன. இரண்டையும் நேற்று ஒரு புதியவரிடம் சொல்லிப் பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

புதியவர் என்றது என் பெரியம்மாவை. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வாட்ஸ்அப்பில் நன்றாகப் பழகியவர். மாஸ்டடானில் கணக்குத் தொடங்க வேண்டும் என்று அவரே கேட்டார். கடவுச்சொல்லைக்கூட முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். செயலியைத் திறந்ததும் ‘சர்வர்’ தேர்ந்தெடுக்கும் இடம் வந்தது (இன்ஸ்டன்ஸைத்தான் செயலி அப்படி அழைக்கிறது), அங்கேயே நின்றுவிட்டார். “சர்வர்னா கம்ப்யூட்டர்தானே, அதை நான் எதுக்குப் பொறுக்கணும்?” என்றார். சரி, ‘நிகழ்வைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று போட்டிருந்தால் என்ன நினைப்பீர்கள் என்று கேட்டேன். ஏதோ கூட்டத்துக்கு அழைக்கிறார்கள் என்று நினைப்பேன் என்றார். ‘நேர்வு’ என்றதற்குப் பதிலே இல்லை. முப்பது ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தவருக்கே புரியாத சொல்லை வேறு யாருக்காக நாம் ஆக்குகிறோம்?

இது அவர் ஒருவருடைய சிக்கல் இல்லை. 2022 அக்டோபர் 27 அன்று ட்விட்டர் எலான் மஸ்க் கைக்குப் போன பிறகு, மாஸ்டடானை எட்டிப் பார்த்த என் நண்பர்களில் பலரும் இதே இடத்தில்தான் திரும்பிப் போனார்கள். முகநூலுக்கு ஒரே வாசல், உள்ளே போனால் எல்லாரும் இருப்பார்கள். மாஸ்டடான் அப்படி இல்லை. ஜெர்மனியில் இருக்கும் ஆய்கன் ரோச்கோ 2016-இல் வெளியிட்ட இந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தம் செலவில் நிறுவி நடத்தலாம். அப்படி நடத்தப்படும் ஒவ்வொன்றும்தான் இன்ஸ்டன்ஸ். அதற்கென்று விதிகள், பொறுப்பாளர்கள், பெயர் எல்லாம் தனி. ஆனால் ஆக்டிவிட்டிபப் என்ற பொதுவான தொடர்பு நெறிமுறையை எல்லா இன்ஸ்டன்ஸும் பேசுவதால் ஒன்றில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். வலைக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியம் (W3C) அந்த நெறிமுறையை 2018 ஜனவரியிலேயே தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

முகவரியில் இரண்டு பங்கு உண்டு, முதலில் ஆளின் பெயர், அடுத்து இன்ஸ்டன்ஸின் பெயர். இதை விளக்கும்போதுதான் எனக்கு ‘ஊர்’ என்ற சொல் தோன்றியது. நம் பழம்புலவர்கள் பலருக்கு ஊரும் பெயரும் சேர்ந்துதான் முழுப்பெயர்: கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். இன்றைக்கும் ஒரே பெயரில் இருவர் இருந்தால் ஊரைச் சொல்லித்தான் பிரிக்கிறோம். பெரியம்மாவிடம் “இது ஊர் மாதிரி, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் மற்ற ஊர்க்காரர்களோடு பேசலாம்” என்றதும் அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. கணக்கை வேறு இடத்துக்கு மாற்றுவதை ‘ஊர் மாறுதல்’ என்று சொல்லிவிடலாம். ஆகவே ‘ஊர்’ என்பது என் பரிந்துரை. தவறு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

—

தம்பிக்கு வணக்கம்.

உங்கள் பெரியம்மாவுக்குப் புரிந்தது என்பது பெரிய விஷயம், அதை நான் குறைக்கவில்லை. ஆனால் எனக்கு ‘ஊர்’ என்ற சொல் அப்படிக் கேட்பதில்லை. நான் வளர்ந்த இடத்தில் “ஊருக்குள்ள போயிட்டு வரேன்” என்றால் நாங்கள் இருக்கும் இடம் அதில் சேராது. ஊர் வேறு, காலனி வேறு. இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி விலக்கிய நிலங்களைக் கணக்கு எழுதும்போது ஊர்நத்தத்தைத் தனியாகவும் பறைச்சேரியைத் தனியாகவும் எழுதியிருக்கிறார்கள்.

நீங்கள் எடுத்துக்காட்டிய ஏணிச்சேரி முடமோசியார் பெயரிலேயே சேரி இருக்கிறது. அந்தக் காலத்தில் அது ஒரு குடியிருப்பு, அவ்வளவுதான். இன்றைக்கு அந்தச் சொல் எதற்கு ஆகிவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். சொல் பிறந்தபோது என்ன பொருளில் இருந்தது என்பது இங்கே உதவாது, படிப்பவர் காதில் இன்று எப்படி விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் யோசியுங்கள். ஒரு இன்ஸ்டன்ஸ் இன்னொன்றோடு தொடர்பை முழுவதுமாக அறுத்துக்கொள்வது உண்டு, வெறுப்புப் பேச்சு மிகுந்த இடங்களை அப்படித்தான் தடுக்கிறார்கள், அது தேவையும்கூட. உங்கள் சொல்லை வைத்தால் அதற்குத் தானாக வரும் பெயர் ‘ஊர்விலக்கு’. அந்தச் சொல்லை ஒரு பொத்தானில் எழுதி என் பிள்ளைகளிடம் கொடுக்க என்னால் முடியாது.

—

அக்கா,

நேற்று இரவே படித்துவிட்டேன், உடனே எழுதாமல் ஒரு நாள் தள்ளிப்போட்டேன். நீங்கள் சொல்வது சரி. ‘ஊர்’ என்பதை எடுத்துவிடுகிறேன். எனக்கு அது வெறும் இடப்பெயராக மட்டும் கேட்டது நான் ஊருக்குள் வளர்ந்ததால்தான், அது உங்கள் மடலைப் படிக்கும்வரை எனக்கு உறைக்கவில்லை. தனிமடலில் இன்னொருவர் ‘திண்ணை’ என்று அனுப்பியிருந்தார். அதில் யார் உட்காரலாம், யார் கூடாது என்ற கேள்வி அங்கேயும் உண்டு என்பதால் அதையும் வேண்டாம் என்கிறேன்.

‘வழங்கி’, ‘சேவையகம்’ என்று சர்வருக்கு ஏற்கெனவே புழங்கும் சொற்களையே வைத்துக்கொள்ளலாம் என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். அவை இயந்திரத்துக்கான சொற்கள். பெரிய இன்ஸ்டன்ஸ் ஒன்று பல வழங்கிகளில் ஓடும், ஒரே வழங்கியில் சின்னச் சின்ன இன்ஸ்டன்ஸ்கள் பல ஓடவும் செய்யும். புதியவர் தேர்ந்தெடுப்பது இயந்திரத்தை இல்லை. யார் நடத்துகிறார்கள், என்ன விதி, எவ்வளவு நாள் தாங்கும் என்பதைப் பார்த்து ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

என் புதிய பரிந்துரை ‘நிலையம்’.

பெரியம்மாவின் பழைய கடித உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது இது. கிராமத்து முகவரியில் பெயர், தெரு, அப்புறம் இன்ன ‘அஞ்சல்’, வட்டம், மாவட்டம் என்று எழுதுவோம். அந்த ‘அஞ்சல்’ என்ற வரி எந்த அஞ்சல் நிலையத்துக்குக் கடிதம் வர வேண்டும் என்பதைச் சொல்கிறது. மாஸ்டடான் முகவரியின் இரண்டாம் பங்கும் அதையேதான் செய்கிறது. அஞ்சல் நிலையம், வானொலி நிலையம், ரயில் நிலையம் என்று எல்லாருக்கும் தெரிந்த சொல். இலங்கையிலும் தபால் நிலையம் என்று சொல்வதுண்டு. ஒன்று போல இன்னொன்று இருக்கும், ஒவ்வொன்றையும் யாரோ பொறுப்பெடுத்து நடத்துவார்கள், தமக்குள் தொடர்பு இருக்கும், இத்தனையும் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. தடுப்பதை ‘நிலையத் தடை’ என்று சொன்னால் யாரையும் குத்தாது.

‘நிலையம் மாறுதல்’ என்பதும் பொருந்துகிறது, ஆனால் உதவிக் குறிப்பில் ஒன்றைத் தெளிவாக எழுதியாக வேண்டும். மாறும்போது பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், எழுதிய பதிவுகள் வராது, அவை பழைய நிலையத்திலேயே தங்கிவிடும். ஒருமுறை மாறினால் அடுத்து மாற 30 நாள் பொறுக்க வேண்டும். என் முதல் நிலையம் ஒரு நாள் அறிவிப்புகூட இல்லாமல் மூடப்பட்டது, இரண்டு ஆண்டுப் பதிவுகள் போயின. அதனால்தான் புதியவர்களிடம், மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இருக்கும் நிலையங்களிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்கிறேன். அந்தப் பட்டியலில் சேர, நிலையத்தை மூடுவதாக இருந்தால் குறைந்தது மூன்று மாதம் முன்பே தெரிவிப்போம் என்றும், தினமும் காப்புநகல் எடுப்போம் என்றும் உறுதி தர வேண்டும்.

இந்தச் சொல் நின்றால் மற்றவையும் எளிதாகின்றன. பதிவுகள் வரிசையாக வந்து விழும் டைம்லைனுக்குக் ‘காலக்கோடு’ வேண்டாம், அது வரலாற்றுப் பாடத்துக்குப் போய்விட்டது. வலைப்பதிவுக் காலத்தில் ‘செய்தியோடை’ என்று எழுதிப் பழகியிருக்கிறோம், ‘ஓடை’ போதும். நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகள் வருவது ‘என் ஓடை’. நம் நிலையத்தார் எழுதுவது ‘நிலைய ஓடை’. மூன்றாவது, வெளிநிலையங்களின் பதிவுகளும் வருவது, அதுதான் கடினம். ஃபெடரேட்டட் டைம்லைன் என்று வெகுகாலம் அழைக்கப்பட்டதை ‘கூட்டாட்சிக் காலவரிசை’ என்று ஒருவர் பெயர்த்திருந்தார், படித்தால் அரசியல் சட்டம் ஞாபகம் வருகிறது. ‘பொது ஓடை’ என்றால் உலகத்தில் உள்ள எல்லாப் பதிவும் அங்கே வரும் என்று புதியவர் நம்பிவிடுவார், அது உண்மை இல்லை. பெரும்பாலும் நம் நிலையத்தில் உள்ள யாராவது பின்தொடர்ந்தால்தான் வெளிநிலையத்து ஆளின் பதிவுகள் நம் பக்கம் வந்து சேரும். சின்ன நிலையத்தில் சேர்ந்தவர்கள் “இங்கே யாருமே இல்லையே” என்று சொல்வது இதனால்தான், தேடினாலும் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். ஏரிக்கு வரத்துக் கால்வாய் இருப்பது போலத்தான் இதுவும், எத்தனை கால்வாய் வெட்டியிருக்கிறோமோ அவ்வளவு நீர். ஆகவே ‘வரத்து ஓடை’ என்கிறேன். நாலு பேரைப் பின்தொடர்ந்தால் வரத்து கூடும் என்று அந்தப் பெயரை வைத்தே புதியவருக்குச் சொல்லிவிடலாம்.

பிறர் பதிவை நம்மைப் பின்தொடர்பவர்களுக்குக் காட்டும் பூஸ்டுக்கு ‘ஊக்குவி’ வேண்டாம், ‘பகிர்’ என்று போடுவோம். விருப்பக்குறி போட்டால் பதிவு நாலு பேருக்குப் போகும் என்று முகநூலிலிருந்து வருபவர்கள் நினைக்கிறார்கள். இங்கே அது எழுதியவருக்கு ஒரு பாராட்டு, அவ்வளவுதான். பதிவு பரவ வேண்டுமானால் பகிர வேண்டும். ‘பின்தொடர்’ வேரூன்றிவிட்டது, தொட வேண்டாம். மாஸ்டடான் என்ற பெயரையும் அழிந்துபோன யானையினம் என்று தேடிப்போய் மொழிபெயர்க்க வேண்டாம்.

பிரைவேட் மென்ஷன், அதாவது பெயர் குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் போகும் பதிவு, என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். ‘தனிச்செய்தி’ என்று எழுதக் கூடாது. அது பூட்டிய கடிதம் இல்லை, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி செய்யும் முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது, நிலையத்தை நடத்துபவர் நினைத்தால் தரவுத்தளத்தில் படிக்கலாம். பேச்சுவாக்கில் மூன்றாவது ஆளின் முகவரியை முழுவதுமாகக் குறிப்பிட்டால் அந்தப் பதிவு அவருக்கும் போய்விடும். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் மனம்விட்டு எழுதி அது அவர் கைக்கே போனதை நான் பார்த்திருக்கிறேன், அந்த உறவு அப்புறம் சேரவே இல்லை. ‘குறிப்பிட்டவர்களுக்கு மட்டும்’ என்று நீளமாகவே இருக்கட்டும், பொத்தானில் இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

நேற்று மாலை பெரியம்மா வீட்டுக்கு மறுபடி போய், சொற்களை மட்டும் தாளில் எழுதிக் காட்டினேன், விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ‘நிலையத்தைத் தேர்ந்தெடுக்கவும்’ என்பதைப் படித்துவிட்டு, “எது பக்கத்துல இருக்கு?” என்று கேட்டார். தூரம் இங்கே கணக்கில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது, அந்தக் குறை இந்தச் சொல்லில் இருக்கிறது. அப்புறம் விதிகளைப் படித்துப் பார்த்து அவரே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

அட்மினுக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘நிலைய அதிகாரி’ என்றால் மிரட்டலாக இருக்கிறது, ‘நிலையப் பொறுப்பாளர்’ நீளம். அக்கா, உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். பட்டியலைச் சனிக்கிழமை மொழிபெயர்ப்புக் குழுவுக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன், அதற்குள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் ஒருமுறை படித்துக்காட்டிச் சொன்னீர்கள் என்றால் நல்லது.