புதுப்பிப்பு: ஃப்ரெஸ்கோ இந்த முறை சரியாக வந்துவிட்டது

போன வாரம் புலம்பியிருந்தேனே, கரீபியன் நாடான ஹைட்டியின் தெருக்களில் தள்ளுவண்டியில் விற்கும் ஃப்ரெஸ்கோவை (சீவிய ஐஸ் மேல் சிரப் ஊற்றித் தருவது) வீட்டில் செய்யப் போய், மிக்ஸியில் ஐஸ் ஜல்லிக்கல்லாக உடைந்து, சிரப் ஊற்றியதும் எல்லாம் கலர் தண்ணீராகிப் போனது என்று. அதன் தொடர்ச்சி இது.

தப்பு இரண்டு. முதலாவது, மிக்ஸி. அது ஐஸை உடைக்கும், சீவாது. ஹைட்டி வண்டிக்காரர்கள் பெரிய ஐஸ் பாளத்தைக் கையால்தான் சீவுகிறார்கள். நான் டப்பாவில் தண்ணீரை உறைய வைத்து, வெளியே எடுத்துப் பத்து நிமிடம் விட்டேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே சீவினால் சில்லுசில்லாகத் தெறிக்கிறது. மேலே லேசாக ஈரம் கண்ட பிறகு, கையால் சீவியபோது பஞ்சு மாதிரி வந்தது. (துணி சுற்றிப் பிடியுங்கள், விரல் மரத்துவிடும்.)

இரண்டாவது, பாகு. போன தடவை தண்ணியாக, அதுவும் வெதுவெதுப்பாக ஊற்றினேன். உருகாமல் என்ன செய்யும்? இந்த முறை ஒரு கப் தண்ணீருக்கு இரண்டு கப் சர்க்கரை, பட்டை, ஒரு அன்னாசிப்பூ. ஆறியதும் வடிகட்டிப் பாதியில் புளிக்கரைசல், பாதியில் மாதுளைச் சாறு. இரவு முழுக்க ஃப்ரிட்ஜில்.

மேலே வறுத்த வேர்க்கடலை. அங்கே அப்படியும் தருவார்கள் என்று இங்கே ஒருவர் சொன்னபோது நம்பவில்லை, மன்னிக்கவும். புளிப் பாகோடு அது அபாரம். மாதுளை சுமார்தான், நிறம் மட்டும் அழகு.

அடுத்து தேங்காய்ப்பால்.