மறு: 'எதிரொளிர்வுத்திறன் நிறமாலை' சரியா?

> கனிமங்களை இனங்காண்பது பற்றிய கட்டுரையில் 'எதிரொளிர்வுத்திறன் நிறமாலை' என்று ஆண்டிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் அச்சுக்குப் போவதற்குள் சொல்லுங்கள்.

ஐயா, வணக்கம்.

'நிறமாலை'யோடு எனக்குச் சண்டை இல்லை. அகச்சிவப்பில் ஏது நிறம் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். பாடநூலில் வேர்விட்ட சொல்லை இனிப் பிடுங்க முடியாது. அதற்கு முன்னால் நிற்கும் சொல்தான் உறுத்துகிறது. நாம் பெயர் தேடுவது, கனிமத்தின் மேல் விழும் ஒளியில் எவ்வளவு திரும்புகிறது என்று ஒவ்வோர் அலைநீளத்துக்கும் காட்டும் கோட்டுக்கு (reflectance spectrum).

முதலில் 'ஒளிர்வு'. ஒளிர்வது என்றால் பொருள் தானே ஒளி விடுவது. சந்திரயான்-1 சுமந்து சென்ற நாசாவின் எம்3 கருவி, நிலவுத் தரையில் நீரோ ஹைட்ராக்சிலோ (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் பிணைந்த OH) இருப்பதைக் காட்டியது (2009) 2.8 முதல் 3 மைக்ரோமீட்டர் வரை ஒளி குறைந்து கோட்டில் பள்ளம் விழுவதை வைத்துத்தான். ஆனால் பகல் வெயிலில் சுட்ட தரை அதே அலைநீளங்களில் தானும் அகச்சிவப்பை உமிழ்கிறது. பட்டுத் திரும்பியது எவ்வளவு, தரையே விட்டது எவ்வளவு என்று பிரித்துக் கழித்த பிறகுதான் அந்தப் பள்ளத்தின் ஆழத்தை நம்பலாம். கழித்துத் தள்ள வேண்டியதன் பெயரை எஞ்சி நிற்பதற்குச் சூட்டலாமா?

அடுத்தது 'திறன்'. தமிழ்நாட்டு மாணவனுக்குத் திறன் என்றால் வாட்டில் அளப்பது. இங்கே நாம் அளப்பதற்கு அலகே கிடையாது. ஆய்வகத்தில் விளக்குக்கு அடியில் முதலில் ஒரு வெள்ளை வில்லையை வைக்கிறோம். விழும் ஒளியை அநேகமாக முழுவதும் நாலாபக்கமும் திருப்பிவிடும் வில்லை. அது தருவதை 1 என்று பதிந்துகொண்டால் திரையில் கோடு தட்டையாகப் படுத்துவிடும். பிறகு அதே இடத்தில் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணின் மாவு. ஒவ்வோர் அலைநீளத்திலும் மாவு தந்ததை வில்லை தந்ததால் வகுக்கிறோம். விளக்கின் குணம், உணரியின் குணம் எல்லாம் வகுத்தலில் அடிபட்டுப் போகின்றன. 1.4 மைக்ரோமீட்டரில் ஓர் இரட்டைப் பள்ளம் விழும், ஹைட்ராக்சிலுடையது. 2.2இல் இன்னோர் இரட்டை, அலுமினியத்தோடு பிணைந்த ஹைட்ராக்சிலுடையது. அதில் சின்னப் பள்ளம் 2.16இல், பெரியது 2.2இல் இருந்தால் அந்தக் களிமண்ணின் கனிமமான கயோலினைட் என்று தைரியமாகச் சொல்லலாம். மாவு ஈரமாக இருந்தால் 1.9இல் நீரின் பள்ளம் எழுந்து நிற்கும். இன்னும் நுணுக்கி அரைத்தால் கோடு மொத்தமும் மேலே ஏறும். பள்ளங்கள் இடம் மாறா. கனிமத்தைக் காட்டிக்கொடுப்பது பளிச்சென்று இருப்பதல்ல, பள்ளம் விழும் இடம். 'திறன்' என்றதும் மாணவன் பளிச்சைத்தான் நினைப்பான்.

என் பரிந்துரை: 'எதிரொளி விகிதம்'. கூடவே 'ஊடுருவு விகிதம்', 'உட்கவர் விகிதம்'. மூன்றையும் கூட்டினால் 1. மூன்றுக்கும் ஒரே வால் இருந்தால் சமன்பாட்டை விளக்கவே வேண்டாம்.

---

> என் பரிந்துரை: 'எதிரொளி விகிதம்'.

விகிதம் நல்லது. எதிரொளிதான் எங்களுக்கு அந்நியம். இலங்கைப் பாடநூல்களில் ஒளி தெறிக்கும், முறியும்; எதிரொளிப்பு என்பது உங்கள் புத்தகங்களில் பார்த்த சொல். வாட்டில் அளப்பதையும் நாங்கள் 'வலு' என்றுதான் படித்தோம், ஆகவே திறன் பற்றிய உங்கள் வாதம் கடலுக்கு இந்தப் பக்கம் எடுபடாது. 'தெறிவிகிதம்' என்று ஒரே சொல்லாக்கிவிடுங்களேன். 'தெறிவிகித நிறமாலை' வாயிலும் உருள்கிறது.

இன்னொன்று. எல்லா இடத்திலும் வெள்ளை வில்லை கிடையாது. 1970இல் மெக்கார்டும் கூட்டாளிகளும் வெஸ்டா சிறுகோளின் ஒளியில் 0.9 மைக்ரோமீட்டருக்கு அருகே பைராக்சீன் என்ற கனிமத்தின் பள்ளத்தைக் கண்டு, பசால்ட்டு (எரிமலைப் பாறை) வகை விண்கற்களோடு ஒப்பிட்டார்கள். தொலைநோக்கிக்காரர்கள் வகுப்பது சூரியனை ஒத்த நட்சத்திரத்தின் ஒளியை வைத்து. சிறுகோள் வரைபடங்களில் வழக்கமாக 0.55 மைக்ரோமீட்டரில் 1 என்று நிறுத்திவிடுவார்கள். அங்கே 0.8 என்றால் விழுந்ததில் 80 விழுக்காடு திரும்பியது என்று பொருள் அல்ல. உங்கள் 'விகிதம்' அங்கே பொய் சொல்லும். அதற்கு என்ன பெயர்?

---

'சார் தெறிவிகிதம்'. சார்பு அடர்த்திக்குச் செய்ததுபோல முன்னொட்டுப் போட்டால் போதும்.

ஆம், 'தெறி'க்கு மாறிவிட்டேன், யாழ்ப்பாணத்து மரியாதைக்காக மட்டும் அல்ல. எதிரொளி என்றதும் முகம்பார்க்கும் கண்ணாடி மனதில் வருகிறது. மாவிலிருந்து வருவது அப்படிப்பட்டதல்ல: துகளுக்குள் புகுந்து, கொஞ்சம் உறிஞ்சப்பட்டு, கண்டபடி தெறித்து வெளியேறும் ஒளி. நாம் தேடும் பள்ளம் அந்த ஒளியில்தான் இருக்கிறது; மேற்பரப்பில் பட்டு அப்படியே திரும்பியது அதை நிரப்பி மங்கச் செய்துவிடும். தமிழ்நாட்டில் 'தெறி'யைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஐயா, கட்டுரையில் முதல் முறை வருமிடத்தில் மட்டும் 'தெறிவிகிதம் (எதிரொளி விகிதம்)' என்று போடுங்கள். நாலாம் பக்கத்தில் 'தொடர்ச்சி நீக்கம்' (continuum removal) என்று ஒன்று பார்த்தேன். பள்ளங்களுக்கு மேலே மேட்டுக்கு மேடு இழுத்துக் கட்டிய கோட்டால் வகுப்பதுதான் அது. அங்கே எதையும் நீக்கவில்லை. 'முகட்டுக்கோட்டு வகுத்தல்' சரிப்படுமா? தனி இழை தொடங்குகிறேன்.